அணி கைவிட்ட வீரரின் சம்பளம் யார் கணக்கில் ஏறுகிறது? எம்.எல்.எஸ். ஊதிய வரம்பும் வேவர் பட்டியலும்

தெற்குக் காலரி எழுதியது:

2025 ஜூலை 1 அன்று, அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் எம்.எல்.எஸ். கால்பந்து லீக்கின் டொரொண்டோ எஃப்.சி. அணி, லொரென்சோ இன்சிக்னே, ஃபெடெரிகோ பெர்னார்டெஸ்கி ஆகிய இரண்டு இத்தாலிய வீரர்களின் ஒப்பந்தங்களையும் இரு தரப்புச் சம்மதத்துடன் முடித்துக்கொண்டதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இரண்டு சந்தேகங்கள் எனக்குத் தீரவே இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் ஓர் அணிக்கு வேண்டாதவரை, மற்ற அணிகள் விரும்பினால் எடுத்துக்கொள்ளட்டும் என்று வேவர் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். எம்.எல்.எஸ். லீக்கிலும் அதே பெயரில் ஒரு முறை இருக்கிறதே, அதை ஏன் டொரொண்டோ பயன்படுத்தவில்லை? அடுத்தது, இந்த லீக்கில் 2025இல் ஓர் அணியின் மொத்த ஊதிய வரம்பே ஏறத்தாழ 60 லட்சம் டாலர்தான் என்கிறார்கள். வீரர்கள் சங்கம் வெளியிட்ட பட்டியலிலோ இன்சிக்னேயின் ஆண்டு வருமானம் மட்டும் 1 கோடியே 54 லட்சம் டாலர் என்று இருக்கிறது. அப்படியானால் வரம்பு என்று எதைச் சொல்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

கணக்குப்புத்தகம் எழுதியது:

இரண்டாவது சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது தெளிந்தால்தான் முதலாவது புரியும்.

எம்.எல்.எஸ். விதிகளில் வரம்பு விதிக்கப்படுவது வீரருக்குக் கொடுக்கும் பணத்துக்கு அல்ல, அணியின் கணக்கில் அவர் பெயரில் பதிவாகும் தொகைக்குத்தான். 2025ஆம் ஆண்டுக்கு ஓர் அணியின் ஊதியக் கணக்கு 59,50,000 டாலர். அதில் எந்தத் தனி வீரர் பெயரிலும் அதிகபட்சம் 7,43,750 டாலர்தான் ஏற முடியும். வகுத்துப் பார்த்தால் இது மொத்தத்தில் சரியாக எட்டில் ஒரு பங்கு. இந்த உச்சத்தைத் தாண்டிச் சம்பளம் வாங்குபவரை, கீழே சொல்லும் ஒதுக்கீட்டுப் பணத்தால் அந்தத் தொகையைக் குறைக்காவிட்டால், 'டெசிக்னேட்டட் பிளேயர்' என்ற தனி நட்சத்திர இடத்தில் வைக்க வேண்டும். 2007இல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வருவதற்காகவே கொண்டுவரப்பட்டதால், அதைப் பெக்காம் விதி என்றே இன்றும் சொல்கிறார்கள். அந்த இடத்தில் இருப்பவருக்கு அணி 20 லட்சம் கொடுக்கலாம், 2 கோடியும் கொடுக்கலாம். கணக்கில் ஏறுவது 7,43,750 மட்டுமே, மிச்சம் முழுவதும் அணி உரிமையாளரின் சொந்தப் பை. மெஸ்ஸி இன்டர் மயாமிக்கு வந்தபோது வெளியான பட்டியலில் அவருடைய உத்தரவாத வருமானம் 2,04,46,667 டாலர். அவரும் இந்தக் கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான்.

இனி மற்றவர்களின் நிலையைப் பாருங்கள். ஓர் அணி மூன்று நட்சத்திரங்களை முழு மதிப்பில் வைத்துக்கொண்டால் 22,31,250 டாலர் போய்விடும். மிச்சமிருக்கும் 37,18,750 டாலரை கணக்கில் வரும் 20 பேர் கொண்ட மூத்தோர் பட்டியலின் மற்ற 17 இடங்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 2,18,750 டாலர் வருகிறது. இது போதாது என்பது லீக்குக்கும் தெரியும். ஆகவே பொது ஒதுக்கீடு, இலக்கு ஒதுக்கீடு என்று இரண்டு தனிப் பணங்களை ஆண்டுதோறும் அணிகளுக்குக் கொடுத்து, அவற்றைக் கொண்டு வீரர்களின் கணக்குத் தொகையைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஒன்பது லட்சம் வாங்கும் ஒருவரை, ஒதுக்கீட்டுப் பணத்தில் இரண்டு லட்சத்தைச் செலவிட்டு ஏழு லட்சக்காரராகக் கணக்கில் காட்டலாம். இதற்காகக் கால்பந்து அணிகள் சட்டமும் கணக்கும் தெரிந்த ஆட்களைத் தனியே வேலைக்கு வைத்திருக்கின்றன. ஒரு விளையாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டுமா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பதினெட்டாவது ஆள் எழுதியது:

மேலே உள்ள விளக்கம் சரியானது. ஆனால் அதன் அடிவேரைச் சொல்லாவிட்டால் வேவர் முறை விளங்காது. எம்.எல்.எஸ். வீரர் தம் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்வதில்லை, லீக்குடன்தான் செய்துகொள்கிறார். அணி உரிமையாளர்கள் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் பங்காளிகள், அணியை நடத்தும் உரிமை பெற்றவர்கள். 1996இல் முதல் பருவம் பத்து அணிகளுடன் தொடங்கியபோதே இந்த அமைப்பு இருந்தது. ஒரே முதலாளி என்றால் வீரர்களுக்காக அணிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சம்பளத்தை ஏற்ற வேண்டிய அவசியமே எழாது.

வீரர்கள் இதை எதிர்த்து 1997இல் ஃப்ரேசர் வழக்கைத் தொடுத்தார்கள். 2000 டிசம்பரில் நடுவர் குழுவின் (ஜூரியின்) தீர்ப்பு லீக்குக்குச் சாதகமாக வந்தது, 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சுவையான செய்தி என்னவென்றால், மேல்முறையீட்டு நீதிபதிகள் இந்த அமைப்பு ஒரே நிறுவனம்தான் என்று முழு மனத்துடன் ஒப்புக்கொள்ளவில்லை. தனி நிறுவனத்துக்கும் போட்டியாளர்களின் கூட்டணிக்கும் இடைப்பட்ட ஒன்றாகவே அதைப் பார்த்தார்கள். வீரர்கள் தோற்றது வேறு இடத்தில். உலகெங்கும் கால்பந்து லீக்குகள் இருக்கும்போது, அமெரிக்கா மட்டுமே தங்களுடைய வேலைச் சந்தை என்பதை அவர்களால் நடுவர் குழுவின் முன் நிரூபிக்க முடியவில்லை.

ஆகவே, டொரொண்டோ ஒருவரைக் 'கைவிடுகிறது' என்றால் அந்தக் கையிலிருந்து அவர் நழுவி விழுவது லீக்கின் மடியில்தான். அங்கிருந்து அவரை மற்ற அணிகள் வரிசைப்படி பார்வையிடும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் வேவர்.

ஈரப்புல் எழுதியது:

அந்த வரிசை எப்படி நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன். பருவத்தின் எந்த நேரத்திலும் ஓர் அணி ஒரு வீரரை வேவரில் போடலாம். உடனே மற்ற எல்லா அணிகளுக்கும் தகவல் போகும், குறுகிய அவகாசமும் தரப்படும். அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கேட்டால், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த புள்ளிகளின் தலைகீழ் வரிசைப்படி, அதாவது கடைசியில் கிடக்கும் அணிக்கு, முதல் உரிமை. எடுத்துக்கொள்ளும் அணி வீரரோடு அவருடைய ஒப்பந்தத்தையும் அதிலுள்ள சம்பளத்தையும் அப்படியே ஏற்க வேண்டும். எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று வீரரை யாரும் கேட்பதில்லை. யாருமே கேட்காவிட்டால்தான் அவர் வேவரைக் கடந்தவர் ஆகிறார். பிறகு எந்த அணியும் முந்திக்கொண்டு புதிய சம்பளத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது தெற்குக் காலரியின் முதல் கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும். 1 கோடியே 54 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள எந்த அணி கை தூக்கும்? யாரும் எடுக்காவிட்டால், உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் என்பதால் சம்பளமும் கணக்குத் தொகையும் டொரொண்டோவின் தலையிலேயே நிற்கும். ஆள் இருக்க மாட்டார், அவர் பெயரிலான பதிவு மட்டும் இருக்கும். அணிக்கு இதைவிட மோசமான நிலை வேறில்லை. அதனால் பெரிய சம்பளக்காரர்களை வெளியேற்ற வேறு மூன்று வழிகளைத்தான் தேடுகிறார்கள்: வேறு நாட்டு அணிக்கு விற்பது அல்லது கடனாகக் கொடுப்பது, மிச்சச் சம்பளத்தைக் கொடுத்து ஒப்பந்தத்தை வாங்கிவிடும் பை-அவுட், இருவரும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு பிரிவது. 2024 ஆகஸ்டில் சிகாகோ ஃபயர் அணி ஸ்விட்சர்லாந்து வீரர் ஷாகிரியை அனுப்பிவைத்ததும் மூன்றாவது வழியில்தான். அவர் தம் ஆட்டத்தைத் தொடங்கிய பாசலுக்குத் திரும்பி விளையாடப் போனார். திரும்பிப் போக ஓர் ஊர் காத்திருக்கும் வீரர் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்பது அணிகளுக்குத் தெரியும்.

தெற்குக் காலரி எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் வேவரில் உண்மையில் போடப்படுபவர்கள் யார்? பட்டியல் வரும்போதெல்லாம் நான் கேள்விப்படாத பெயர்களாகவே இருக்கின்றன.

ஈரப்புல் எழுதியது:

நீங்கள் கேள்விப்படாததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அணிப்பட்டியலின் கடைக்கோடியில் இருப்பவர்கள் அவர்கள். ஓர் அணியில் 30 பேர் வரை இருக்கலாம். முதல் 20 இடங்கள் மட்டுமே ஊதியக் கணக்கில் வரும், மீதி 10 துணை இடங்கள் கணக்குக்கு வெளியே இருப்பவை. 2025இல் மூத்தோர் பட்டியலின் குறைந்தபட்சச் சம்பளம் 1,04,000 டாலர், கடைசி இடங்களுக்கு 80,622 டாலர். இவர்களில் இளையவர்களுக்கு அரை உத்தரவாத ஒப்பந்தம்தான் கிடைக்கும். ஜூலைத் தொடக்கத்தில் உத்தரவாத நாள் என்று ஒன்று உண்டு. அதுவரை பட்டியலில் இருந்துவிட்டால் அந்தப் பருவம் முடியும்வரை சம்பளம் உறுதி. அதற்கு முந்தைய வாரம் விடுவித்துவிட்டால் அணிக்கு மிச்சச் செலவு இல்லை, கணக்கிலும் இடம் திரும்பக் கிடைக்கும். ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் அறியாத பெயர்கள் பட்டியலில் வருவதற்கு ஆட்டத்திறன் மட்டும் காரணமில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

வயதும் அனுபவமும் கூடியவர்களுக்கு உத்தரவாத ஒப்பந்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று வீரர்கள் சங்கம் போராடி ஒரு விதியைப் பெற்றிருக்கிறது. அது நல்ல விதி. ஆனால் எந்த விதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உத்தரவாதம் கிடைக்கும் வயதை ஒருவர் நெருங்கும்போது, அவரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அணி கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

கணக்குப்புத்தகம் எழுதியது:

ஒரு சேர்க்கை. விடுவிப்பதற்குப் பணம் மட்டும் காரணமாக இருப்பதில்லை. வெளிநாட்டு வீரர்களுக்கென்று ஓர் அணிக்கு எட்டு இடங்கள் தரப்படுகின்றன, அவற்றை அணிகள் தமக்குள் வாங்கி விற்கவும் செய்கின்றன. ஆகஸ்டில் ஒரு புதிய வெளிநாட்டு வீரர் வர வேண்டுமென்றால் பழையவர் ஒருவர் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) பெற்று உள்நாட்டவராக வேண்டும், அல்லது வெளியேற வேண்டும். ஆட்டத்தில் ஒரு தவறும் செய்யாதவர் குடிவரவு அலுவலகத்தின் தாமதத்தால் இடத்தை இழக்க இந்த அமைப்பில் வழியிருக்கிறது.

பெட்டிக்கோடு எழுதியது:

வேவர் முறையைவிடப் பெரிய கத்தரிக்கோல் ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லையே. எம்.எல்.எஸ். ஒப்பந்தங்களில் முதல் ஓரிரு ஆண்டுகள் மட்டும் உறுதியாக இருக்கும், அடுத்த ஆண்டுகள் அணியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும். பருவம் முடிந்ததும் அணி அந்த விருப்ப ஆண்டை ஏற்க மறுத்துவிட்டால் அவ்வளவுதான். பை-அவுட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். ஒவ்வொரு டிசம்பரிலும் வீரர்கள் கூட்டமாக வேலை இழப்பது இந்த வழியில்தான்.

இன்று அப்படி வெளியே வருபவருக்குச் சில படிகளாவது இருக்கின்றன. 2010க்கு முன் அதுவும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும், அணியே வேண்டாம் என்றாலும், லீக்குக்குள் அவருடைய 'உரிமை' பழைய அணியிடமே இருந்தது. கெவின் ஹார்ட்மன் என்ற கோல்கீப்பரின் கதையை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2009 பருவத்துக்குப் பின் கன்சாஸ் சிட்டியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, இரு தரப்பும் புதிய ஒப்பந்தத்துக்கு வரவில்லை. ஆனால் வேறு அணி அவரை எடுக்க வேண்டுமானால் கன்சாஸ் சிட்டிக்கு ஏதாவது ஈடு கொடுத்தாக வேண்டும் என்ற நிலை. லீக்கிலேயே மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர்களில் ஒருவர் 2010 பருவம் தொடங்கியபோது அணியில்லாமல் வீட்டில் இருந்தார். பருவம் தொடங்கிய பிறகுதான் எஃப்.சி. டல்லாஸ் பேசி முடித்து அவரை எடுத்தது. அதே ஆண்டு டல்லாஸ் இறுதிப்போட்டிவரை போய்க் கூடுதல் நேரத்தில் கொலராடோவிடம் 2க்கு 1 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் டல்லாஸின் கோல்கம்பத்தில் நின்றவர் ஹார்ட்மன்தான்.

அந்த ஆண்டு வீரர்கள் வேலைநிறுத்தத்தின் விளிம்புக்கே போனார்கள். பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது மார்ச் 20 அன்று உடன்பாடு ஏற்பட்டது. அதன் விளைவுதான், இப்படி வெளியே வந்தவர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் மறுநுழைவுத் தேர்வு முறை. முதல் கட்டத்தில் ஒருவரை எடுக்கும் அணி பழைய சம்பள நிலையை மதிக்க வேண்டும், இரண்டாம் கட்டத்தில் பேரம் பேசலாம். 2015இல் மறுபடி நெருக்கடி வந்தபோது 28 வயதும் லீக்கில் எட்டு ஆண்டு அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டும், ஒப்பந்தம் முடிந்ததும் லீக்குக்குள் வேறு அணியைத் தாமே தேடிக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்தது. அடுத்த ஒப்பந்தத்தில் அது 24 வயது, ஐந்து ஆண்டு என்று இறங்கியது. சுதந்திரமும் தவணை முறையில்தான் கிடைத்திருக்கிறது.

பதினெட்டாவது ஆள் எழுதியது:

அணிகளும் தமக்குள் ஏமாற்றிக்கொள்ளாமல் இல்லை. அதற்கு நல்ல சான்று இன்டர் மயாமி. 2020இல் அந்த அணி பிரான்சின் உலகக் கோப்பை வீரர் பிளேஸ் மட்யூடியைச் சாதாரண இடத்தில், ஒதுக்கீட்டுப் பணத்தால் சமாளிக்கக்கூடிய சம்பளத்தில், சேர்த்ததாகக் காட்டியது. உண்மையில் அவருக்குக் கொடுத்த பணம் நட்சத்திர இடத்துக்கு உரியது. ஏற்கெனவே பிசாரோ, ஹிகுவாயின், மத்தியாஸ் பெயெக்ரினி ஆகிய மூவரால் அந்த இடங்கள் நிரம்பியிருந்தன. அதாவது நான்காவது நட்சத்திரம் ஒன்று ரகசியமாக இருந்தது.

லீக் விசாரணை நடத்தி 2021 மே மாதத்தில் தண்டனையை அறிவித்தது. அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம், உரிமையாளர் ஹோர்கே மாஸுக்கு 2,50,000 டாலர் அபராதம், முன்னாள் விளையாட்டு இயக்குநர் பால் மெக்டொனோவுக்கு 2022 பருவம் முடியும்வரை தடை. எல்லாவற்றையும்விட வலித்தது, 2022, 2023 பருவங்களின் ஒதுக்கீட்டுப் பணத்தில் 22,71,250 டாலரை வெட்டியதுதான் என்று நினைக்கிறேன். அபராதத்தைப் பணக்கார உரிமையாளர் கட்டிவிடுவார், ஒதுக்கீட்டை அவரால் கடையில் வாங்க முடியாது.

கைவிடப்பட்ட வீரர் என்ற நம் தலைப்புக்கு இதில் ஒரு பகுதி இருக்கிறது. மட்யூடிக்கு நட்சத்திர இடம் கொடுத்தாக வேண்டும் என்று லீக் சொன்னதும், மயாமி மூன்று பேரில் ஒருவரை இறக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் பெயெக்ரினியின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்தார்கள். அணி தொடங்குவதற்கு முன்பே, 2019இல் எடுக்கப்பட்ட முதல் வீரர்களில் ஒருவர் அவர், வெளியேற்றப்பட்டபோது வயது 21. கணக்கை மறைத்ததில் அந்தப் பையனுக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மெஸ்ஸி வந்தபோது பிசாரோவுடனான ஒப்பந்தமும் பேசி முடிக்கப்பட்டது, அவர் ஏதென்ஸ் போனார். ஒவ்வொரு பெரிய வரவேற்பு விழாவுக்கும் முந்தைய வாரம் யாரோ ஒருவர் பெட்டி கட்டுகிறார்.

தெற்குக் காலரி எழுதியது:

ஐரோப்பாவில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறேன். அங்கே ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தானே?

பெட்டிக்கோடு எழுதியது:

ஒப்பந்தம் உறுதி என்பது உண்மைதான். வின்ஸ்டன் போகார்ட் 2000இல் செல்சிக்கு வந்தார், சில மாதங்களில் புதிய பயிற்சியாளருக்கு அவர் வேண்டாதவராகிவிட்டார். ஆனாலும் 2004இல் ஒப்பந்தம் முடியும்வரை பயிற்சிக்கு வந்து சம்பளத்தை வாங்கிக்கொண்டே இருந்தார். பலர் அவரைக் கேலி செய்தார்கள். நான் அவர் பக்கம்தான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது செல்சி.

அதற்காக அங்கே வரம்பே இல்லை என்று எண்ண வேண்டாம். ஸ்பெயினின் லா லீகா ஒவ்வொரு அணிக்கும் அதன் வருமானத்தைப் பொறுத்து அணிச்செலவு வரம்பு விதிக்கிறது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சலோனாவை விட்டுப் போக நேர்ந்தது அதனால்தான். அடுத்த பிப்ரவரியில் பார்சலோனாவின் வரம்பு பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 14 கோடியே 40 லட்சம் யூரோ அளவுக்கு இறங்கியது. எனினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். ஸ்பெயினில் வரம்பு இடித்தால் புதியவரைப் பதிவுசெய்ய முடியாது, பழையவரின் ஒப்பந்தத்தை லீக் தொடாது. அமெரிக்காவில் ஒப்பந்தமே லீக்கின் கையில் இருப்பதால் பழையவரைத்தான் நகர்த்துவார்கள்.

ஈரப்புல் எழுதியது:

அமெரிக்காவிலேயே மாற்று வழி ஒன்று உருவாகியிருக்கிறது, அதைப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். என்.டபிள்யூ.எஸ்.எல். என்ற பெண்கள் கால்பந்து லீக் 2013இல் தொடங்கியபோது ஓர் அணியின் மொத்த வரம்பே 2,00,000 டாலர், குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர். அங்கும் வேவர், கல்லூரி வீராங்கனைகளை அணிகள் வரிசைப்படி எடுக்கும் தேர்வுமுறை, விருப்பம் கேட்காமல் ஊர் மாற்றுவது எல்லாம் இருந்தன. 2024 ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கல்லூரித் தேர்வுமுறையை ஒழித்தார்கள், எல்லா ஒப்பந்தங்களுக்கும் உத்தரவாதம் வாங்கினார்கள், வீராங்கனையின் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். வரம்பு போகவில்லை. 2025இல் 33 லட்சம் டாலர், 2030இல் குறைந்தது 51 லட்சம் என்று படிப்படியாக ஏறுகிறது. வரம்பு இருந்தால்தான் லீக் பிழைக்கும் என்ற வாதத்தை முழுதும் ஏற்றுக்கொண்டாலும், அதற்காக ஒருவரைக் கேட்காமல் இன்னோர் ஊருக்கு அனுப்பும் உரிமையும் வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கணக்குப்புத்தகம் எழுதியது:

ஈரப்புல்லின் கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பெண்கள் லீக்கில் அணிகள் குறைவு, வரம்பும் சிறியது. எம்.எல்.எஸ்.ஸில் 30 அணிகள் ஆகிவிட்டன. எல்லோருக்கும் முழு உத்தரவாதம் என்றால் அணிகள் இளையவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கத் தயங்கும், 30 பேர் கொண்ட பட்டியல் 24 ஆகச் சுருங்கும் அபாயம் இருக்கிறது. ஆனால் ஊர் மாற்றத்துக்குச் சம்மதம் கேட்பதற்கு அணிக்கு ஒரு டாலர்கூடச் செலவாகாது என்பதால், அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

தெற்குக் காலரி எழுதியது:

என் இரண்டு சந்தேகங்களும் தீர்ந்தன, புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. 2027 ஜூலையிலிருந்து லீக்கின் ஆண்டே ஐரோப்பாவைப் போலக் கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடியப்போகிறது. அப்போது ஜூலைத் தொடக்கம் பருவத்தின் நடுப்பகுதியாக இருக்காதே, உத்தரவாத நாள் என்ன ஆகும்?

ஈரப்புல் எழுதியது:

பருவத்தின் நடுவில் அணிகளுக்கு ஒரு முறை கழித்துக்கட்ட வாய்ப்புத் தருவதுதான் அந்த நாளின் வேலை. ஆகவே அந்த நாள் நிலைக்க வேண்டுமானால் குளிர்காலத்துக்கு நகர்ந்தாக வேண்டும். ஜனவரிக் குளிரில், ஐரோப்பியச் சந்தை திறந்திருக்கும் மாதத்தில், வேலை இழப்பது ஜூனில் இழப்பதைவிட வீரருக்கு நல்லதாகவும் அமையலாம், ஏனெனில் வெளியே வாங்க ஆள் இருப்பார்கள். இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2028 ஜனவரி 31 வரை. பேச்சுவார்த்தை தொடங்கும்போது இந்த இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன்.